சாத்தான் தோற்றமும் விவிலிய உரைகாரரும்

சாத்தான் என்பான் ஆதியில் தேவதூதருள் தலைவனாய்ப் படைக்கப்பட்டனன். ஒளிமிக்கவனாயிருந்த அவன் தன் அழகையும் ஆற்றலையும் எண்ணிச் செருக்குற்றுக் கடவுளோடு ஒத்திருக்க விழைந்தனன். அதனால் தூதருள் மூன்றிலொரு பங்கினரோடு வானினின்றும் தள்ளப்பட்டனன். பின்னர்ப் பாம்பின் வடிவிற் புகுந்து ஏவாளை மயக்கி, மக்கட்குப் பாவத்தையும் மரணத்தையும் தேடித் தந்தனன். இவ்வரலாறு கிறித்தவப் பெருமக்களாற் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது. மில்டன் என்னும் ஆங்கிலப் புலவர் 1667-ல் வெளியிட்ட பெருங்காப்பியமும் இதனையே பொருளாகக் கொண்டு எழுந்தது. கேட்போருட் பலர், இது விவிலியத்தின் முதற்பக்கங்களிலே தொடர்ச்சியாக எழுதப்பட்டுள்ளதென்றே கருதுவர். ஆயின், அந்நூலை முதலினின்று ஈறுவரை தேடுவார்க்கு இவ்வரலாறு ஓரிடத்தும் முழுமையாகக் கிடைப்பதில்லை. வெவ்வேறு காலத்து, வெவ்வேறு கருத்துப்பற்றி எழுந்த வாசகங்கள் பல, பிற்காலத்து உரைகாரரால் ஒரு நூலிற் கோக்கப்பட்டமையால் உருவாகியது அது.

இதனை அறியாமையால் இரு திறத்தாரும் இடர்ப்படுகின்றனர். போதகருட் சிலர் உரையை மூலமென்று ஓதுகின்றனர். அவரை மறுக்கப் புகும் சைவ வாதிகளுட் சிலரோ, அவ்வுரையையே மூலமெனக் கொண்டு, 'உங்கள் கடவுள் பேயைப் படைத்தது ஏன்?' என்னும் ஒரு வினாவோடு வாதத்தை முடித்து மகிழ்கின்றனர். ஆறுமுக நாவலர் அவ்வாறு செய்தாரல்லர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிற் பயின்ற அவர், 1854-ல் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது அந்நூலின் உள்ளிருந்தே சான்று காட்டினார். பிறர் மதத்தை அவர் நூல் கொண்டே முதற்கண் நிறுவிப் பின்னர் ஆராய்தல் பரபக்கத்துக்கு உரிய முறை. அம்முறை வழுவாது, சாத்தான் தோற்றம்பற்றிய வாசகங்கள் ஈண்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலிற் சொல்லை நோக்குதல் வேண்டும். எபிரேய மொழியிற் 'சாத்தான்' என்பது முதற்கண் ஒருவன் இயற்பெயரன்று. எதிர்நிற்போன், குற்றஞ்சாட்டுவோன் எனப் பொருள்படும் பொதுச்சொல். எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்திற் பிலேயாமின் வழியை மறித்து நின்ற கர்த்தருடைய தூதனே 'சாத்தான்' ஆக நின்றான் எனப்படுகின்றான். தாவீது போர்க்களத்திலே தங்கட்குச் சாத்தானாய் மாறிவிடுவானோ எனப் பெலிஸ்தர் தலைவர் அஞ்சினர் என்பது 1 சாமுவேல் 29-ஆம் அதிகாரச் செய்தி. சாலொமோனுக்கு எதிராக எழுந்த ஏதோமியனாகிய ஆதாத் என்பவனும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டான். இவ்விடங்களெல்லாம் தமிழ் விவிலியத்தில் எதிராளி, விரோதி முதலிய சொற்களாற் பெயர்க்கப்பட்டிருத்தலின், தமிழ் வழியே கற்பார்க்கு மூலத்தில் நின்ற சொல் புலப்படுவதில்லை. பொருள் பொருந்தப் பெயர்த்ததன்கட் குற்றமில்லை. ஆயினும், ஓரிடத்துப் பொருள் பெயர்க்கப்பட்டு மற்றோரிடத்து ஒலி பெயர்க்கப்பட்டமையால், ஒரே சொல் இரண்டாயிற்று. ஒலிபெயர்ப்பால் நேர்ந்த பிறிதொரு விளைவும் உண்டு: சாத்தன் என்பது சீத்தலைச் சாத்தனார் முதலிய சான்றோர் பூண்ட பழந்தமிழ்ப் பெயர், ஐயனார்க்கும் உரியது. அயல்மொழிச் சொல்லின் ஒலியொப்புமையால் அந்நற்பெயர் இன்று கேட்போர் சிலர்க்கு நகைக்கிடமாயிற்று.

யோபு என்னும் நூலிற் சாத்தான் தேவபுத்திரரோடு கர்த்தர் சந்நிதியில் வந்து நிற்கின்றான். ஆண்டு அச்சொல் எபிரேயத்தில் இயற்பெயரோடு சேராத சுட்டு ஒன்றோடு கூடி வந்துள்ளது. எனவே அது 'குற்றஞ்சாட்டுவோன்' என்னும் பதவிப்பெயர் என்பது மொழிநூலார் துணிபு. அவன் பூமியைச் சுற்றி மக்கள் நடையை ஆராய்ந்து வந்து சொல்லுகின்றான். யோபின் பத்தி பயன் கருதியதெனச் சாட்டுகின்றான். விடை பெற்றே அவனைத் துன்புறுத்துகின்றான். விதித்த எல்லையைக் கடவாது நிற்கின்றான். வானினின்றும் தள்ளுண்டவன் என்பதற்கு ஆண்டு ஓரெழுத்தும் இல்லை. தள்ளுண்டவனுக்கு அச்சபையில் இடமுண்டாதல் யாங்ஙனம்? சகரியாவின் தரிசனத்திலும் பிரதான ஆசாரியனாகிய யோசுவாவின் வலப்புறத்தே குற்றஞ்சாட்ட நிற்கும் அவன் கண்டிக்கப்படுகின்றானேயன்றி, வீழ்ந்தவனென்று சொல்லப்பட்டிலன். அரசவையிற் குற்றம் எடுத்தோதும் அதிகாரியை ஒப்பது அவன் நிலை.

இப்பதவிப்பெயர் இயற்பெயராய் மாறிய இடம் ஒன்று உளது. இவ்வாராய்ச்சிக்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. தாவீது தன் குடிகளைத் தொகையெண்ணினான். அதனாற் கொள்ளைநோய் வந்து எழுபதினாயிரவர் மாண்டனர். எண்ணும்படி அவனை ஏவியவர் யார்? 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரம் கர்த்தருடைய கோபமே ஏவிற்று என்கின்றது. அந்நிகழ்ச்சியையே திரும்பக் கூறும் 1 நாளாகமம் 21-ஆம் அதிகாரம் சாத்தான் ஏவினான் என்கின்றது. ஆண்டுச் சுட்டு இல்லை. நாளாகமம், யூதர் பாபிலோன் சிறையினின்று மீண்டபின் எழுந்த நூல். முன்னோர் கடவுள்மேல் வைத்து உரைத்த ஒரு செயலைப் பின்னோர் அவ்வாறு உரைக்கக் கூசிப் பிறிதொருவன்மேல் ஏற்றினர் என்பது இதனால் விளங்கும். ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் ஒளியையும் இருளையும், சமாதானத்தையும் தீங்கையும் தாமே உண்டாக்குவதாகக் கர்த்தர் கூறுகின்றார். அக்கொள்கை நின்ற காலத்துத் தீமைக்கு வேறொரு தலைவன் வேண்டப்பட்டிலன். கி.மு. 539-ல் பாபிலோனைக் கைக்கொண்ட பாரசீகரது இருபெருந்தத்துவக் கொள்கை யூதரைப் பற்றியதாலேயே சாத்தான் தோன்றினான் என்பாரும் உளர். பற்றியிருத்தல் கூடும், எனினும், கடவுளைக் குற்றத்தினின்று காக்க வேண்டுமென்னும் உள்ளத் தூண்டுதல் ஒன்றே இம்மாற்றத்துக்குப் போதிய ஏதுவாம்.

ஏதேன் தோட்டத்துப் பாம்பு சாத்தானே என்பதும் ஆதியாகமத்தின் கூற்றன்று. ஆண்டு அது தேவன் படைத்த விலங்குகளுள் தந்திரம் மிக்கதொன்றாகவே பேசப்பட்டு, வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்னச் சபிக்கப்பட்டது. பிசாசின் பொறாமையால் மரணம் உலகிற் புகுந்தது என்னும் கருத்து 'சாலொமோனின் ஞானம்' எனப்படும் பிற்கால நூலில் தலைகாட்டுகின்றது. பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒருவனே என வெளிப்படையாகக் கூறுவது விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷமே.

இனி, வீழ்ச்சிக்குச் சிறந்த பிரமாணமாகக் காட்டப்படுவது ஏசாயா 14-ஆம் அதிகாரம். இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் தகும். அப்பகுதி பாபிலோன் அரசன்மேற் பாடப்படும் வசைப்பாடல் என்பது அதன் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது. வானத்தில் ஏறித் தேவனுடைய விண்மீன்களுக்கு மேலே அரியணை இடுவேன் எனச் செருக்கிய அவ்வரசன் பாதாளத்தில் விழ, முன்னே இறந்த மன்னர்கள் எழுந்து அவனை எதிர்கொண்டு எள்ளுகின்றனர். அவன் கீழே புழுக்கள் விரிப்பாகின்றன. ஏனை அரசர்கள் தத்தம் கல்லறையிற் கிடக்க, இவன் உடல் அடக்கம் பெறாது எறியப்படுகின்றது. உலகை நடுங்கச் செய்த மனிதன் இவன்தானா எனக் காண்போர் வினவுகின்றனர். உடலில்லாத தூதனுக்குப் புழுவேது, கல்லறையேது? மனிதன் என்னும் சொல் அவன்பால் எங்ஙனம் செல்லும்? விழுந்த அரசனை விடியற்காலத்து வெள்ளிக்கு ஒப்பிட்டு, எபிரேயர் 'ஹேலேல்' என்றனர். விளங்குவது என்பது அதன் பொருள். ஞாயிறு எழுமுன் ஒளிவீசி, எழுந்தவுடன் மறையும் அம்மீன், உயர எண்ணி ஒடுங்கினவனுக்கு நல்ல உவமை. விடியல், அம்மொழியில் ஷாகர் எனப்படும். சிரியாவின் கடற்கரையிலுள்ள உகரித்தில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்பலகைகளில் ஷாகர் ஒரு தெய்வமாகப் பேசப்படுதலின், கானானியர் வழங்கிய பழங்கதையொன்று இவ்வுவமைக்கு அடியாய் நின்றதென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

அச்சொல் கிரேக்கத்தில் 'எயோஸ்போரஸ்' ஆயிற்று. இலத்தீனத்தில் 'லூசிபர்' ஆயிற்று. ஒளி கொணர்வது, அஃதாவது விடிவெள்ளி, என்பதே இலத்தீனச் சொற்பொருள். நான்காம் நூற்றாண்டிற் சார்தீனியத் தீவின் காலியாரி நகர்க்குக் கண்காணியாராயிருந்த ஒருவர் பெயரும் லூசிபர் என்பதே. அக்காலத்து அது பிசாசின் பெயராய் வேரூன்றியிருந்ததாயின் அப்பெயரோடு ஒருவர் அப்பதவியில் அமர்ந்திருத்தல் அரிது. இலத்தீன விவிலியத்தில் 2 பேதுரு முதல் அதிகாரத்து அடியார் நெஞ்சில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் அதுவே சொல். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் 1611-ல் ஏசாயாவின் வாசகத்தில் மட்டும் அவ்விலத்தீனச் சொல்லைப் பெயர்க்காது விட்டமையால், ஆங்கிலம் வழங்கிய நாடெங்கும் உவமை ஆட்பெயராய் நிலைத்தது. 1885-ல் வெளிவந்த திருத்தப் பதிப்பு அதனை நீக்கிற்று. வழக்கிலுள்ள தமிழ் விவிலியத்திலோ விடிவெள்ளி என்றே இருக்கின்றது. பேதுருவின் நிருபத்திலும் அச்சொல்லே. வெளிப்படுத்தின விசேஷம் 22-ஆம் அதிகாரத்து இயேசு தம்மைக் கூறிக்கொள்ளும் இடத்தும் அச்சொல்லே. எனவே, தமிழ் மட்டும் அறிந்த கிறித்தவர்க்கு லூசிபர் என்னும் பெயர் தம் வேதத்தின் ஏடுகளிற் காணப்படாத பெயராம்.

இவ்வாசகத்தைச் சாத்தான்மேல் ஏற்றியோருட் பழையோர், தெர்த்துல்லியனும் ஓரிகனும் ஆவர். தான் மின்னல்போல் வீழும் சாத்தானைக் கண்டதாக இயேசு கூறியது லூக்கா 10-ஆம் அதிகாரத்து உள்ளதன்றோ? வானினின்றும் வீழ்தல் இரண்டிடத்தும் ஒத்தலின் பொருளும் ஒன்றென்றனர். ஓரிகனுக்குப் பிறிதொரு கருத்தும் இருந்தது. படைக்கப்பட்ட அறிவுடைப் பொருள்கள் யாவும் முதற்கண் ஒரு தன்மையவாயிருந்து தத்தம் விருப்பால் வேறுபட்டன என்பது அவர் கொள்கை. அதற்கு, நன்னிலையினின்று வழுவிய ஓருயிரைப் பற்றிய வேதவாக்கியம் தேவைப்பட்டது. கால்வின் 1551-ல் வெளியிட்ட ஏசாயா உரையில், இவ்விடத்தைச் சாத்தானுக்கு உரியதென்றல் இடமும் தொடர்பும் அறியாமையால் வந்ததென மறுத்தார். மாறுபட்ட சமயத்தார் ஒருவர் கூற்றன்று இது. சீர்திருத்தச் சபையின் தலையாய ஆசிரியர் கூற்று. அவர் வழிவந்தோருட் பலர் இன்றும் அதனை ஓதிவருதல் வியப்பே.

எசேக்கியேல் 28-ஆம் அதிகாரமும் இத்தகையதே. ஏதேனில் மணிகள் அணிந்து நின்று, தன் அழகினாற் செருக்குற்றுத் தள்ளப்பட்டவன் தீரு நகர்த் தலைவன். அவன் செய்த குற்றங்களுள் வாணிகத்து நேர்மையின்மையும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. தேவதூதன் எப்பண்டம் விற்றான்? எனினும், எபிரேய பாடம் அவனையே கேருப் எனக் கூறுதலும், கிரேக்க மொழிபெயர்ப்பு அவனைக் கேருபோடு வைக்கப்பட்டவனெனக் கூறுதலும் நோக்க, இவ்விடத்திற் பழைய வீழ்ச்சிக் கதையொன்றின் நிழல் உண்டென்பது மறுக்கத்தக்கதன்று. தீரு அரசனுக்கு உவமையாக அக்கதை எடுக்கப்பட்டது; உவமையைப் பொருளாக்கியது உரைகாரர் செயல்.

தூதர் வீழ்ச்சியைத் தெளியக் கூறும் நூல் ஒன்று உண்டெனின், அஃது எத்தியோப்பியச் சபை ஒழிந்த ஏனைச் சபையாராற் பெரும்பாலும் வேதமாகக் கொள்ளப்படாத ஏனோக்கு நூலே. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்துத் தேவபுத்திரர் மனிதகுமாரத்திகளை மணந்த சிறு செய்தி அதில் விரிந்து, இருநூறு காவற்றூதர் இறங்கி வந்ததும், அவர்க்குப் பிறந்த அரக்கரின் ஆவிகளே பேய்களானதும் கூறப்படுகின்றன. இந்நூற்பகுதிகள் அரமேய மொழியிற் சாக்கடலருகே கும்ரான் குகைகளிற் கிடைத்துள்ளன. புதிய ஏற்பாட்டிலுள்ள யூதாவின் நிருபம் ஏனோக்கின் வாக்கைப் பெயர் சுட்டியே எடுத்தாளுகின்றது. இரண்டாம் நூற்றாண்டினராகிய யுஸ்தீனும் இக்கதையையே நம்பினார். இதன்படி தூதர் வீழ்ச்சிக்கு ஏது காமம். காலம் ஏவாளுக்குப் பல தலைமுறை பின். ஏதேனில் மயக்கினவனுக்கு இது பிறப்புக் கூறமாட்டாது. பின்வந்த அகஸ்தீன், தேவபுத்திரர் என்பார் சேத்தின் மரபினராகிய மாந்தரே என உரைத்து இதனை விலக்கினார். விலக்கவே, அவர்க்குச் செருக்கின் கதை ஒன்றே எஞ்சியது.

செருக்கோ பொறாமையோ என்பதிலும் ஒருமையில்லை. ஆதாம் ஏவாள் சரிதம் என்னும் பழைய நூலில், தேவசாயலாகிய ஆதாமை வணங்க மறுத்துச் சாத்தான் தள்ளப்பட்டனன். குர்ஆனில் இப்லீஸின் செய்தியும் இதனோடு ஒத்தது. இரேனியு, சிப்ரியான் முதலியோர் மனிதன்மேற் கொண்ட பொறாமை என்றனர். பொறாமைக்கு முன் செருக்கு வேண்டும். தன்னை உயர்த்துக் கொள்ளாதவன் பிறனுயர்வு கண்டு புழுங்கான் என்பது அகஸ்தீன் கூறிய தடை. அது நுட்பமான தடையே. வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்து வலுசர்ப்பம் வாலால் விண்மீன்களின் மூன்றிலொரு பங்கை இழுத்ததும், மிகாவேலோடு பொருது தோற்றதும் ஆண்பிள்ளையின் பிறப்பையடுத்துக் கூறப்படுகின்றன. அப்பிள்ளை கிறிஸ்து எனில், போர் உலகத் தொடக்கத்தில் நிகழ்ந்ததென்றல் பொருந்தாது.

வாசகங்கள் இவ்வாறாக, சபையின் கொள்கை எதனால் நிலைபெற்றது? வேதச்சான்றினும் எதிர்வாதிகளின் நெருக்கமே பெரிதும் காரணம். தீமை, கடவுளாற் படைக்கப்படாத தனித்தலைவனுடையது என மானிகேயர் கூறினர். யோவான் 8-ஆம் அதிகாரத்திற் பிசாசு ஆதிமுதற் கொலைகாரன் எனப்பட்டமையை அவர்கள் தமக்குத் துணையாக்கினர். அவரை மறுத்தற்குப் பிசாசும் நல்லவனாகவே படைக்கப்பட்டான் என்றல் இன்றியமையாததாயிற்று. 561-ல் பிராகா நகரில் கூடிய சங்கமும், 1215-ல் உரோமையிற் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கமும் அதனை விதியாக்கின. பிசாசும் ஏனைப் பேய்களும் இயல்பால் நல்லனவாய்ப் படைக்கப்பட்டுத் தம்மாலேயே தீயனவாயின என்பது பின்னதன் முடிபு.

இம்முடிபிற் கடவுள் தீமையின் கர்த்தாவல்லர் என்பது காக்கப்பட்டது. ஆயின், குறையின்றிப் படைக்கப்பட்ட அறிவில், அதனை மயக்க வேறொருவரும் இல்லாதபோது, முதல் தீய இச்சை எங்ஙனம் எழுந்தது? ஏவாளுக்குப் பாம்பு உண்டு, பாம்புக்கு யார்? இவ்வினா கிறித்தவ ஆசிரியர் அறியாததன்று. அவர்களே இதனை மிக ஆழமாகக் கேட்டனர் என்பது சைவ வாதிகள் மறவாது குறிக்கத்தக்கது. தீய இச்சைக்கு ஆக்கும் காரணம் இல்லை, குறைதலே காரணம். அதனைத் தேடுதல் இருளைக் கண்ணாற் காணவும் மௌனத்தைச் செவியாற் கேட்கவும் விரும்புதல் போலும் என்றார் அகஸ்தீன். விடை அழகிது, வினாவோ நின்றவாறே நிற்கின்றது. அவரே, 'தேவநகரம்' பன்னிரண்டாம் பகுதியில், வீழ்ந்த தூதர் வீழாதாரினும் குறைந்த அருளைப் பெற்றிருத்தல் வேண்டும். அன்றி இருவரும் ஒப்பப் படைக்கப்பட்டிருப்பின், இவர் தீய இச்சையால் வீழ, அவர் மிகுந்த துணைபெற்று நின்றிருத்தல் வேண்டும் என இருவழி கூறினார். இரண்டினும் அருள் கூடுதல் குறைதல் ஒழியவில்லை. காரணமின்றிக் குறைத்தவர் நடுவுநிலையாளர் ஆதல் யாங்ஙனம்?

இத்தடையை அன்செல்ம் அறிந்தார். பதினோராம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் பிசாசின் வீழ்ச்சிபற்றி அவர் எழுதிய நூல் ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் முறையில் அமைந்தது. பெறாதது ஒன்றும் தூதனிடத்து இல்லையாயின், நிலைத்து நிற்கும் வன்மையைக் கடவுள் கொடாமையாலன்றோ அவன் வீழ்ந்தான் என மாணாக்கன் வினவ, அவன் ஏலாமையாற் கொடுக்கப்பட்டிலது என ஆசிரியன் விடுக்கின்றான். ஏலாமை எதனால்? விரும்பாமையால். விரும்பாமை எதனால்? அவ்விச்சைக்கு முன் வேறு காரணமில்லை. இச்சையே தனக்குக் காரணம் என்று நூல் முடிகின்றது. ஒளிக்காது எல்லைவரை சென்று நின்ற நேர்மை அன்செல்முடையது. தோமா அக்குவினா, தூதன் படைக்கப்பட்ட முதற்கணத்தே தீயனாதல் கூடாதென்றும், அடுத்த கணத்தே வீழ்ந்தானென்றும் கணம் பிரித்தார். கணத்தைக் குறுக்குதலால் காரணம் பிறவாது.

சைவசித்தாந்தம் இவ்விடத்திற் கூறுவது யாவரும் அறிந்தது: ஆணவம் அநாதி, ஆகலின் தோற்றம் வினாதற்கே இடமில்லை. இதனால் நல்லது தானே தீயதாயிற்றென்னும் இடர்ப்பாடும், அருளைக் குறைத்துக் கொடுத்தாரென்னும் பழியும் இல்லையாம். ஆயின், கற்றறிந்த கிறித்தவர் இதனோடு அமையார். அநாதி என்றல் விடையாகாது, வினாவை மறுத்தலேயாம் என்பர்; மேலும், கடவுளோடு உடன் அநாதியாய் ஓர் இருளை வைத்தல் அகஸ்தீன் விட்டு நீங்கிய மானிகேயமன்றோ என்பர். முன்னதைச் சித்தாந்தி ஓரளவு உடன்படல் வேண்டும். முதற்காரணம் கூறுவார் யாவரும் ஓரிடத்தில் வினாவை நிறுத்துவரேயாதலின், எங்கு நிறுத்தினர் என்பதே ஆராயத்தக்கது. பின்னதற்கு மறுப்பு உண்டு. மானிகேயரது இருள் போர் செய்யும் தலைவன், ஆணவமோ சடம். அதற்கு இச்சையில்லை, எதிர்ப்பில்லை, இறைவனைப் பற்றும் ஆற்றலில்லை. உயிரை மட்டும் பற்றிச் செம்பிற் களிம்புபோல் நிற்கும். சடத்தைக் கடவுளுக்குப் பகையரசு என்றல் பொருந்தாது.

எஞ்சியது யோபு நூல். நாற்பத்திரண்டு அதிகாரங்கள் உடைய அதில் குற்றஞ்சாட்டுவோன் முதலிரண்டிலும் தோன்றி மறைகின்றான். துன்பம் ஏன் என நண்பரோடு நீள வழக்கிட்ட யோபு ஒருமுறையும் அவன் பெயரை எடுத்திலன். சூறாவளியினின்று விடை கூறிய கர்த்தரும் எடுத்திலர். பிள்ளைகளும் பொருளும் உடல்நலமும் எவன் கையால் அழிந்தன என்பதை நூலைக் கற்போர் அறிவர். சாம்பலில் அமர்ந்து வினவியவன் இறுதிவரை அறிந்திலன்.